காணாமற்போன துடுப்பை எப்படி வரைவது?

கேள்வி: கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். இரவில் சித்திரக்கதை வரைகிறேன். ஆங்கில எழுத்தாளர் அல்ஜெர்னன் பிளாக்வுட் 1907இல் எழுதிய ‘வில்லோக்கள்’ என்ற நெடுங்கதையை, கைத்தொலைபேசியில் மேலிருந்து கீழாக வாசிக்கும் வாராந்தத் தொடராகத் தமிழில் கொண்டுவர ஆசைப்படுகிறேன். மூன்று பாகங்கள் முடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்தவர்கள் எல்லோரும் படம் அழகு என்கிறார்கள். பயமாக இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. கதையில் வரும் அந்த உருவங்களை எப்படித்தான் வரைவது? கதைசொல்லியின் நீண்ட வர்ணனைகளை என்ன செய்வது? டான்யூப் நதியை விட்டுவிட்டுக் கதையை முத்துராஜவெலச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுவரலாமா? உரிமைச் சிக்கல் ஏதும் வருமா, அக்கா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மூன்று பாகங்களையும் கைத்தொலைபேசியில்தான் வாசித்தேன். தண்ணீர் வரைவது உங்களுக்குக் கைவந்த கலையாகிவிட்டது. வெள்ளம் கரையை அரிக்கும் அந்த இரண்டாம் பாகத்துக் காட்சியை மறுபடி மறுபடி போய்ப் பார்த்தேன். ஆகவே உங்கள் கையில் குறையில்லை. எதை எங்கே காட்டுவது என்பதில்தான் பேச வேண்டியது இருக்கிறது.

உரிமைக் கேள்வி சுலபமானது, அதை முதலில் முடித்துவிடுவோம். பிளாக்வுட் 1951 டிசம்பரில் காலமானார். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. 2021ஆம் ஆண்டோடு அது முடிந்துவிட்டது; தாராளமாக எடுத்தாளலாம். 1918இல் போர்முனையில் மாண்ட வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன், 1937இல் இறந்த லவ்கிராஃப்ட், 1947இல் இறந்த ஆர்தர் மேக்கன் ஆகிய திகில் எழுத்தாளர்களின் கதைகளுக்கும் இதே கணக்குத்தான். அவர்களோடு சேர்த்துப் பேசப்படும் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் 1961இல்தான் இறந்தார். அவரைத் தொட 2031 முடியும்வரை பொறுக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆங்கில மூலத்தை வைத்தே வேலை செய்யுங்கள். பிறர் செய்த மொழிபெயர்ப்புக்கும், பிறர் வரைந்த உருவங்களுக்கும் தனித்தனி உரிமை இருக்கிறது.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதைசொல்லியும் அவருடைய நண்பரான ஒரு சுவீடன்காரரும் பெருக்கெடுத்த டான்யூப் நதியில் சிறு படகில் வருகிறார்கள். வில்லோ புதர் மண்டிய ஒரு மணல் திட்டில் கூடாரம் அடிக்கிறார்கள். வெள்ளம் அந்தத் திட்டைக் கரைத்துக்கொண்டே போகிறது. அங்கே கழியும் இரண்டு இரவுகள்தான் கதை. மனிதருக்குச் சம்பந்தமே இல்லாத எதுவோ ஒன்று தங்களைத் தேடுகிறது என்று இருவருக்கும் தோன்றுகிறது. அது எது என்று பிளாக்வுட் கடைசிவரை சொல்வதில்லை. லவ்கிராஃப்ட் இந்தக் கதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்.

இனி உங்கள் மூன்றாம் பாகம். புதர்களுக்கு மேலே எழும் உருவங்களுக்கு முகம் வரைந்திருக்கிறீர்கள். கண் இருக்கிறது, தாடை இருக்கிறது. பயம் அங்கேதான் நழுவிப்போனது. முகம் ஒன்று கிடைத்துவிட்டால் வாசகர் உடனே அதைப் படிக்கத் தொடங்கிவிடுவார்: இதற்குக் கோபம், இதற்குப் பசி, இது நம்மைப் பார்க்கிறது. நோக்கம் தெரிந்துவிட்ட பேய் பாதிப் பேய்தான். பிளாக்வுட்டின் உருவங்களுக்கோ அந்த இரண்டு மனிதரும் ஒரு பொருட்டே இல்லை. தவறிப்போய் வேறொரு உலகத்தின் எல்லைக்குள் கால் வைத்துவிட்டோம், இன்னும் நம்மைக் கவனிக்கவில்லை, கவனித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையின் அச்சம் முழுவதும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அதே பாகத்தில் இருக்கிறது. முதல் இரவு கழிந்த காலையில் இரண்டு துடுப்புகளில் ஒன்றைக் காணவில்லை. மிஞ்சிய துடுப்பின் அலகு, யாரோ அரத்தாளால் பொறுமையாகத் தேய்த்தது போல மெலிந்து கிடக்கிறது. படகின் அடியில் ஒரு நீளக் கிழிசல். என் கணக்கில் கதையின் மிகப் பயங்கரமான இடம் இதுதான். வானத்து உருவங்கள் இதற்கு அடுத்தபடிதான். நீங்களோ இதை ஒரே கட்டத்தில், சுவீடன்காரரின் வாயால் சொல்லவைத்துக் கடந்துவிட்டீர்கள்.

முதல் மாலையிலேயே, கூடாரம் அடிக்கும் காட்சியில், இரண்டு துடுப்புகளையும் படகின்மேல் சாய்த்து வரையுங்கள். இரவுச் சமையலின்போது அதே கோணத்தில், அதே தூரத்தில் மறுபடி வரையுங்கள். நெருப்பின் வெளிச்சம் அலகின் விளிம்பில் விழட்டும். அது எவ்வளவு தடிப்பு என்று வாசகரின் கண்ணில் பதியட்டும். மரத்தின் ரேகை, கைபட்டுக் கறுத்த பிடி, ஓரத்தில் பழைய வெடிப்பு ஒன்று, அந்த வெடிப்புக்குப் போட்ட கம்பிக்கட்டு, எல்லாம் வேண்டும். பிறகு காலை. அதே கோணம், அதே தூரம், ஒரே துடுப்பு. வெடிப்பு இருக்கிறது, கம்பிக்கட்டு தொளதொளத்துத் தொங்குகிறது, ஏனென்றால் அது இறுக்கிப் பிடித்திருந்த மரம் மெலிந்துவிட்டது. யாரும் எதுவும் பேச வேண்டாம். அந்த வாரத்தை அங்கேயே நிறுத்துங்கள். வாசகர் தாமாகவே பின்னால் போய் முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். புத்தகத்தில் அடுத்த பக்கம் காத்திருக்கும். தொடரில் ஒரு வாரம் முழுவதும் அந்தக் கம்பிக்கட்டு அவர் தலைக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். மணலில் தோன்றும் புனல் வடிவக் குழிகளையும் இப்படியே செய்யுங்கள். முதலில் ஒரு மூலையில், யாரும் பார்க்காத ஒன்று. அடுத்த பாகத்தில் நான்கைந்து. அவற்றைப் பாத்திரங்கள் கவனிப்பதற்கு முன்பே வாசகர் கவனித்துவிட வேண்டும்.

ஆனாலும் அந்த உருவங்களை வரையாமல் தப்பிவிட முடியாது. கதைசொல்லி முதல் இரவில் அவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். ஆடும் இலைகளுக்கு இடையே, ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, வானத்தை நோக்கி ஏறிக்கொண்டே இருப்பவை அவை. இங்கே கைத்தொலைபேசித் திரை உங்களுக்குத் துணைக்கு வருகிறது. 800 பிக்சல் அகலத்தில் வெளியிட்டால், இன்றைய நீளத் திரைகளில் ஒரு நேரத்தில் ஏறக்குறைய 1,700 பிக்சல் உயரம்தான் தெரியும். இந்தக் காட்சியை 7,000 பிக்சல் உயரமுள்ள ஒரே படமாக வரையுங்கள். பதிவேற்றும்போது 1,280 பிக்சல் துண்டுகளாக வெட்டுவீர்கள், அது கண்ணுக்குத் தெரியாது. வாசகர் அந்த உருவத்தை ஒருபோதும் முழுதாக ஒரே பார்வையில் காணமாட்டார். அச்சுப் பக்கம் இதைச் செய்யவே முடியாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, உங்கள் படத்தில் அது அப்படியே தெரிகிறது. உருவங்கள் மேலே ஏறுகின்றன, வாசகரின் பார்வை கீழே இறங்குகிறது. நீங்கள் தரையிலிருந்து வானத்துக்கு என்று கற்பனை செய்து வரைந்திருக்கிறீர்கள். வாசகருக்கோ எடுத்த எடுப்பில் தலை தெரிந்துவிடுகிறது. கதைசொல்லி கடைசியில் கண்டதை வாசகர் முதலிலேயே கண்டுவிட்டால் பிறகு இறங்குவதில் என்ன இருக்கிறது? இதைத் திருப்பிப் போடுங்கள். படம் வெறும் வானத்தில் தொடங்கட்டும். ஒரு பட்டையில் மட்டும் நட்சத்திரங்கள் மங்கியிருக்கட்டும். அதற்குக் கீழே, தோளா முதுகா என்று சொல்ல முடியாத வெண்கல நிற வளைவுகள். அவற்றுக்குக் கோடு போடாதீர்கள். இலைகளை மட்டும் வரைந்து, இலைகளுக்கு நடுவே விட்ட இடத்தை உருவமாக்குங்கள். இறங்க இறங்க அது அகன்றுகொண்டே போகட்டும். கடைசித் திரையில் மணல், கூடாரம், நகத்தளவில் கதைசொல்லி. அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தான் இவ்வளவு நேரம் எதன் உடல் வழியாக இறங்கி வந்தோம் என்று வாசகருக்கு அப்போதுதான் உறைக்கும்.

ஆர்ஜென்டீனாவின் அல்பெர்த்தோ பிரெச்சியா 1970களில் லவ்கிராஃப்டின் கதைகளை வரைந்தபோது கறையையும் ஒட்டுத்தாளையும் கலந்து, வாசகர் வடிவம் தேடித் தோற்றுப்போகும்படி செய்தார். ஜப்பானின் கோ தனாபே நேரெதிர்: கல்லையும் பனியையும் செதிலையும் அணு அணுவாக வரைபவர். உங்கள் கை தனாபே பக்கம் சாய்கிறது, அதை மாற்ற வேண்டாம். அந்த நுணுக்கத்தை மணலுக்கும் படகுக்கும் செலவிடுங்கள். உருவங்கள் வரும்போது மட்டும் பிரெச்சியாவிடம் போங்கள்.

வர்ணனைக்கு வருவோம். கதைசொல்லி விவரிப்பதையெல்லாம் நீங்கள் கட்டத்துக்குள் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பாகத்தில் பாதி ஆற்றை எழுத்து மூடிவிட்டது. படம் காட்டுவதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. கதைசொல்லி தனக்குத்தானே சமாதானம் சொல்லும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு மெலிந்ததற்கு, காற்றில் பறந்த மணல் உரசியிருக்கும் என்பார். படகு கிழிந்ததற்கு, கரையேற்றும்போது கல் கீறியிருக்கும் என்பார். படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்க, எழுத்து அதை மறுத்துக்கொண்டிருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் அந்தச் சமாதானம் இன்னும் கொஞ்சம் பலவீனமாகட்டும். தமிழில் இந்தக் குரலுக்கு முன்னோடி வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை இன்னொரு தடவை படியுங்கள். நம்பாத ஒருவன், படித்தவன், தன் வீட்டுக்குள்ளேயே நிலைகுலைந்து போவதை எவ்வளவு சாதாரணமான வாக்கியங்களில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ‘மர்மமான’, ‘அமானுஷ்யமான’ என்ற அடைமொழிகளை உங்கள் பிரதியில் எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள்.

எழுத்துருவில் ஒரு சொல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து படத்தில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அச்சகங்களில் இன்னும் அதுதான் நடக்கிறது, ஆனால் இணையத் தொடருக்கு வசனத்தை யூனிகோட்டில் வைத்திருப்பது நல்லது. நாளைக்குத் திருத்தவும் தேடவும் முடியும். சில வரைகலை மென்பொருள்கள் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டுவிடும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்தமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு உரிய வகைக்கு மாற்றினால் சரியாகிவிடும். ‘முக்த மலர்’, ‘பாலூ தம்பி’ போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. 800 பிக்சல் அகலத்தில் எழுத்து 34 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். ணை, ஞூ போன்றவை சிறிய அளவில் அடைபட்டுவிடும்.

இரண்டாம் நாள் கேட்கத் தொடங்கும் அந்த இடைவிடாத முழக்கத்துக்கு ஒலிச்சொல் எழுதாதீர்கள். கட்டங்களுக்கு இடையிலுள்ள வெள்ளை இடைவெளியில் மயிரிழை அளவு சாம்பல் கோடு ஒன்றை, அந்தப் பாகத்தின் மேலிருந்து கீழ்வரை ஓடவிடுங்கள். அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம். அடுத்தடுத்த பாகங்களில் அது கட்டங்களுக்குள்ளும் நுழையட்டும்.

முத்துராஜவெலவுக்குக் கொண்டுவரலாம் என்பதே என் கட்சி. களனி ஆற்றின் முகத்துவாரத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சதுப்பு நிலமும், 1800களின் தொடக்கத்தில் பிரித்தானியர் வெட்டிய ஹமில்டன் கால்வாயும் இந்தக் கதைக்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. வில்லோ மரம் என்றால் நமக்குக் கிரிக்கெட் மட்டைதான் நினைவுக்கு வரும். அதை இங்கே கொண்டுவந்து நட முடியாது, கண்டல் மரத்தையும் அதற்குப் பதிலாக வைக்க வேண்டாம். சிங்களத்தில் வெல் ஆத்தா என்று சொல்லும் மரத்தைப் பாருங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. காய் நீரில் மிதந்துபோய் ஒதுங்கிய இடத்தில் முளைத்து, அங்கிருந்த செடிகளை நெருக்கித் தள்ளிவிட்டுப் பரவுகிறது. பிளாக்வுட்டின் புதர்கள் இரவோடிரவாகக் கூடாரத்தை நோக்கி நெருங்கி வருகின்றன என்பதை நினைத்துக்கொண்டு இந்த மரத்தைப் போய்ப் பாருங்கள்.

மூலத்தில், மாலை வெளிச்சத்தில் ஆற்றில் உருண்டு போகும் ஒன்றை மனித உடல் என்று நினைத்துப் பதறுகிறார்கள். பிறகு நீர்நாய் என்று சிரித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது கபரகொய்யா என்ற நீருடும்பாக இருக்கலாம். தூரத்துக்குப் போக வேண்டியதில்லை, வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் மாலையில் நின்று பாருங்கள். அது நீந்தும்போது முதுகு தெரிவது, முழுகும்போது வால் கடைசியாக மறைவது, இரண்டையும் வரைந்து பழகுங்கள். படகில் எதிரே வரும் ஒருவர் ஏதோ கத்திவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போகும் காட்சியை மாற்றவே வேண்டாம். ஹெந்தளை, பமுணுகம பக்கத்து மீனவர் பலர் கத்தோலிக்கர். அந்தக் கை அசைவு அங்கே அன்றாடம். இரவில் குறைந்துபோகும் உணவு பாணாகவே இருக்கட்டும்.

தடையாக இருப்பது ஒன்றுதான். மூலக்கதையில் மைல் கணக்கில் மனிதவாடை இல்லை. முத்துராஜவெல ஓரமாகவோ 2013இலிருந்து கட்டுநாயக்க அதிவேகப் பாதை ஓடுகிறது, தலைக்குமேல் விமானம் இறங்குகிறது. இதற்குப் பயந்து கதையை நூறு வருடம் பின்னுக்குத் தள்ள வேண்டாம். முழக்கம் கேட்கும்போது முதலில் விமானம் என்று சொல்லிக்கொள்வார்கள். பிறகு அதிவேகப் பாதை என்பார்கள். பிறகு எங்கோ ஒரு ஜெனரேட்டர் என்பார்கள். பிளாக்வுட்டுக்குக் காற்றும் மணலும்தான் இருந்தன. உங்கள் பாத்திரங்களுக்குச் சாட்டுச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன, அவை ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோவதைக் காட்டுங்கள். சுவீடன்காரரின் இடத்தில் ஒரு நில அளவையாளரை வைக்கலாம். கற்பனையே இல்லாதவர் என்று பெயரெடுத்த மனிதர்தான் மூலத்தில் முதலில் நம்பத் தொடங்குகிறார். அளந்து பழகிய ஒருவர் திட்டு சிறுத்துப்போவதை அளந்து சொல்லும்போது அதன் கனமே வேறு.

இனி நான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்லும் இடம். கதையின் முடிவில் வேர்களில் சிக்கிய ஒரு குடியானவரின் உடல் கிடைக்கிறது. அதன்மேல் மணலில் கண்ட அதே குழிகள். அவர் பலியானதால் இவர்கள் தப்பினார்கள். பெயரில்லை, ஊரில்லை. டான்யூப் நதியில் அது கதை. 1980களின் இறுதியில் ஆறுகளில் உடல்கள் மிதந்து வந்த நாடு இது. 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலொன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீட்டுக் கூரைவரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். யாரென்று தெரியாத ஓர் உடலை, கதாநாயகர்கள் பிழைப்பதற்கான விலையாக இந்த ஆற்றில் மிதக்கவிட என் மனம் ஒப்பவில்லை. உங்களுக்கும் ஒப்பாது என்று நம்புகிறேன்.

எனக்குத் தோன்றும் வழி இது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போன அந்த மீனவரையே கடைசியில் அங்கே கொண்டுவாருங்கள். முதல் பாகத்தில் அவருக்கு ஒரு முகம் கொடுங்கள். உருவங்களிடமிருந்து எடுக்கச் சொன்ன முகத்தை இவருக்குக் கொடுங்கள். வள்ளத்தில் என்ன ஏற்றிப் போகிறார், எந்தக் கரைக்குத் திரும்புகிறார், இவர்களைப் பார்த்து என்ன கத்தினார் என்பதெல்லாம் தெரியட்டும். காற்றில் அவர் சொன்னது கேட்கவில்லை என்பதால் வசனக் குமிழில் பாதி எழுத்தை மறைத்துவிடுங்கள். கடைசிப் பாகத்தில் அந்த வாக்கியம் முழுதாகட்டும். உடலைத் தூரத்தில், ஒரே கட்டத்தில் காட்டினால் போதும்; குழிகளை ஏற்கெனவே மணலில் பார்த்துப் பழகிய வாசகருக்கு நெருங்கிப் போக வேண்டியதில்லை. உடலைக் கண்ட இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதற்கு இன்னும் சில கட்டங்கள் ஒதுக்குங்கள். கரையில் ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது அல்லவா? மூலத்தில் இது இல்லை. இந்த ஊருக்குக் கொண்டுவந்த பிறகு இது இல்லாமல் முடிக்க முடியாது.

வாரம் ஒரு பாகம் என்பது பகல் முழுவதும் வேலை பார்க்கும் ஒருவருக்கு நடக்காத காரியம். எழுபதுகளில் கொழும்பில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் கொடிகட்டிப் பறந்தபோது வாரத்துக்கு ஒரு பக்கத்தோடு வாசகர் காத்திருந்தார்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு பாகமும் அதைப்போலப் பல மடங்கு. பன்னிரண்டு அல்லது பதினான்கு பாகங்களில் இந்தக் கதை அடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள், பாதித் தொடராவது கையில் முடிந்திருக்கும்போது முதல் பாகத்தை வெளியிடுங்கள். நடுவில் நின்றுபோன திகில் தொடரை யாரும் திரும்பி வந்து வாசிப்பதில்லை.

மூன்றாம் பாகத்தைத் திருத்தியதும், எழுத்து எதுவும் பதிக்காமல் வெறும் படமாக எனக்கு அனுப்புங்கள். எந்தக் கட்டத்துக்கு வசனம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
அக்கா